மணல் பெட்டியில் ஒரு பழைய ஒட்டு

அந்தக் கட்டடத்தில் அவரை எல்லோரும் ‘பேக்கரி அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். நிலவியல் ஆய்வு நிறுவனத்தில் பேக்கரிக்கு என்ன வேலை என்று புதிதாக வருகிறவர்கள் வாசல் காவலாளியிடம் கேட்பதுண்டு. தப்பித்தவறி அக்காவிடமே கேட்டுவிட்டால் போச்சு, வந்த வேலை கெட்டது. பூமி எப்படி ஒட்டியது, எப்படிக் கிழிந்தது என்று ஆரம்பித்து, தன் நாத்தனார் கல்யாணத்தில் நடந்த கூத்து வரைக்கும் சொல்லி முடித்த பிறகுதான் ஆளை விடுவார்.

சுருக்கமாகச் சொன்னால் நடந்தது இதுதான். நிறுவனத்துக்குப் பின்தெருவில் ஒரு பேக்கரி இருந்தது. தன் கல்யாணத்துக்கு முன்பிருந்தே அக்காவுக்கு அங்கே மாவு பிசைகிற வேலை. நிறுவனத்திலிருந்து டாக்டர் தினமும் அங்கே ரொட்டி வாங்குவார். டாக்டர் என்றால் ஊசி போடுகிறவர் இல்லை, பாறைகளைப் படித்துப் பட்டம் வாங்கிய பெண்மணி. இருந்தாலும் கட்டடத்தில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் அவரிடம்தான் முதலில் நாக்கை நீட்டுவார்கள். அவரும் பாவம், “வெந்நீர் குடிங்க” என்று சொல்லி அனுப்பிவிடுவார்.

ஒரு நாள் டாக்டர் ரொட்டித் துண்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார். ரொட்டியில் ஏதோ விழுந்துவிட்டது, சண்டைக்கு வருகிறார் என்று நினைத்து அக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வெளியே வந்தார். டாக்டர் கேட்டது வேறு.

“ஒரு பெரிய ஓட்டைகூட இல்லையே! காத்தை எப்படி வெளியேத்துறீங்க?”

“அதெல்லாம் கைப்பழக்கம். சொன்னா வராது.”

“எங்ககிட்ட ஒரு மாவு இருக்குக்கா. நாங்க பிசைஞ்சா உள்ளே குமிழி குமிழியா நிக்குது. வந்து பிசைஞ்சு தர்றீங்களா?”

“எத்தனை பேருக்கு?”

“சாப்பிடுறதுக்கு இல்லை. பூமி செய்யுறதுக்கு.”

இந்தப் பெண்ணுக்கு வெயில் தலைக்கேறிவிட்டது என்றுதான் அக்கா முதலில் நினைத்தார். ஆனாலும் வேடிக்கை பார்க்கிற ஆசை யாரை விட்டது? மறுநாள் போனார். போனவர் போனவர்தான். பேக்கரி முதலாளியும் கொஞ்ச நாளில் கடையை மூடிவிட்டு மகள் வீட்டோடு போய்விட்டதால், அக்கா தற்காலிக ஊழியராக அந்த அறையிலேயே நிலைத்துவிட்டார்.

அறையின் நடுவே ஒரு மேஜை. மேஜை மேல் கண்ணாடிப் பக்கங்கள் வைத்த நீளமான பெட்டி. அதன் ஒரு சுவர் மட்டும் நகரும். ஒரு மோட்டார் அதைப் பிடித்து, கண்ணுக்கே தெரியாத வேகத்தில் இழுக்கும். பெட்டியின் அடியில் அக்கா பிசைந்த சிலிக்கோன் மாவைத் தகடாகத் தட்டிப் பரப்புவார்கள். அதன் மேல் சிவப்பு, வெள்ளை, கறுப்பு என்று சாயம் போட்ட மணலை அடுக்கடுக்காகச் சலித்துத் தூவுவார்கள். மேலே ஒரு கேமரா தலைகீழாகத் தொங்கும்.

“பூமியோட மேல்பாறை மணல் மாதிரி. இழுத்தா உடையும்,” என்று டாக்டர் முதல் நாளே விளக்கினார். “ஆழத்துல சூட்டுல கிடக்குற பாறை இந்த மாவு மாதிரி. இழுத்தா நீளும். ரெண்டையும் சேர்த்து இழுத்தா முதல்ல நடுவுல ஒரு பள்ளம் விழும். பள்ளத்துல ஆறெல்லாம் மண்ணைக் கொண்டுவந்து கொட்டும். இன்னும் இழுத்தா பள்ளத்துக்குள்ள கடல் வந்துரும். அப்புறம் இந்தப் பக்கம் ஒரு கண்டம், அந்தப் பக்கம் ஒரு கண்டம்.”

“எங்க கிழியணும்னு யார் முடிவு பண்றது?” என்று அக்கா கேட்டார்.

டாக்டரின் முகம் மலர்ந்துவிட்டது. அவர் வாழ்க்கையே அந்தக் கேள்விதானே! “பழைய ஒட்டுக்கா. எப்பவோ ரெண்டு நிலம் ஒண்ணோட ஒண்ணு முட்டி, நடுவுல மலை எழும்பி, அந்த மலையும் தேஞ்சு தரையாயிருக்கும். மேல நின்னு பார்த்தா ஒரு தடயமும் இருக்காது. ஆனா அடியில ஒட்டின இடம் அப்படியே கிடக்கும். எத்தனையோ காலம் கழிச்சு யாராவது இழுத்தா, அதைத் தேடிப் பிடிச்சுத்தான் கிழியும்.”

“அட, எங்க வீட்டுச் சண்டை மாதிரி!” என்றார் அக்கா. “இன்னிக்கு டிவி ரிமோட்டுக்காக ஆரம்பிக்கும். கடைசியில போய் நிக்கிறது என் நாத்தனார் கல்யாணத்துல எனக்குப் பந்தியில இலை போடாததுல.”

டாக்டர் அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் கேமரா ஆடிப்போனது. அன்றிலிருந்து வெளியூரில் பேசப் போனாலும் அவர் இந்த உதாரணத்தைத்தான் சொல்வார். அக்காவின் நாத்தனாருக்கு இது தெரிந்தால் என்ன ஆகும் என்று யாரும் யோசிக்கவில்லை.

அந்த அறையின் மூன்றாவது ஆள் மோட்டார் அண்ணன். மோட்டாரைக் கழற்றி மாட்டுவதும், முணுமுணுப்பதும் அவருக்கு உத்தியோகம். அக்காவின் மாவில் யாராவது விரல் வைத்தால் அக்காவுக்குப் பொல்லாத கோபம் வரும். மோட்டார் அண்ணனோ போகிற போக்கில் ஒரு துண்டைக் கிள்ளி, உருட்டி, தரையில் தட்டித் துள்ள வைப்பார். அதற்காகவே இருவருக்கும் வாரம் முழுக்கப் பேச்சுவார்த்தை இருக்காது. அப்போதும் ஒரே டப்பாவிலிருந்து பிஸ்கட் எடுத்துத் தின்பார்கள்.

இவர்கள் மூன்று பேரையும் பாடாய்ப் படுத்தியது ஒரு முழங்கை. அவர்கள் நாட்டின் கடற்கரை நேராக ஓடி, ஓரிடத்தில் முழங்கையை மடக்கியதுபோல் கடல் பக்கமாக வளைந்து, மறுபடியும் நேராகப் போகும். சமுத்திரத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற கண்டத்திலும் அதற்குப் பொருந்துகிற மாதிரி ஒரு வளைவு உண்டு. இரண்டும் ஒன்றாக இருந்து பிரிந்ததால் வந்தது. கரையோரமாக ஒரு பழைய ஒட்டு இருப்பது டாக்டருக்குத் தெரியும். பெட்டியின் அடியில் அதையும் வைத்துப் பார்த்தார். பிளவு அந்த ஒட்டைப் பிடித்துக்கொண்டு சமர்த்தாக நேராக ஓடியது. இழுக்கிற திசையை மாற்றினார். நேராக ஓடியது. மணலைக் கூட்டினார், குறைத்தார். முழங்கை மட்டும் வரவே இல்லை.

இந்த நேரம் பார்த்துத்தான் மேலிடத்திலிருந்து தகவல் வந்தது. எல்லாவற்றையும் கம்ப்யூட்டரே கணக்குப் போடுகிற காலத்தில் மணலும் மாவும் எதற்கு, அந்த அறையைக் காலி செய்தால் கம்ப்யூட்டர்களை அடுக்கலாமே என்று ஒரு யோசனை. மூன்று பேர் கொண்ட குழு ஒன்று வரும், பெட்டியில் ஒரே ஒரு பூமி மாதிரியை ஓட்டிக் காட்ட வேண்டும், அதைப் பார்த்துவிட்டு அறை இருக்கிறதா போகிறதா என்று அவர்கள் முடிவு செய்வார்கள். போனால் டாக்டருக்கு மாடியில் ஒரு நாற்காலி, மோட்டார் அண்ணனுக்கு வாகனக் கொட்டகை. தற்காலிக ஊழியரான அக்கா வீட்டுக்குப் போகலாம்.

வேறு பேக்கரியில் வேலை கிடைக்காமலா போய்விடும்? கிடைக்கும். ஆனால் மணலுக்குள் ஒரு கண்டம் பிளப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்த கண்ணுக்கு, பன் உப்புவதைப் பார்த்தால் போதுமா? அக்காவுக்கு அந்த அறை என்றால் உயிர். வெட்கப்படாமல் வீட்டுக்காரரிடம் அழுதே விட்டார். அவர் நகரப் பேருந்து ஓட்டுகிறவர். “பூமியையே பிசைஞ்சவ நீ, இதுக்குப் போயா அழுறே?” என்றார்.

குழு வருவதற்கு முன்னால் இன்னொரு தலைவலி. அறையே இருக்குமா என்று தெரியாத நிலையில் புதிய சிலிக்கோன் வாங்கக்கூடாது என்று உத்தரவு. டப்பாவில் இருந்த மாவு பெட்டியின் முக்கால் பாகத்துக்குத்தான் கண்டது. மிச்சத்துக்கு அக்கா என்ன செய்தார் தெரியுமா? முன்பு ஓட்டிய மாதிரி ஒன்றிலிருந்து எடுத்து வைத்திருந்த மாவுத் தகட்டை ஓரம் சேர்த்து ஒட்டினார்.

பேக்கரிக்காரர்களுக்கு இது ரத்தத்தில் ஊறிய விஷயம். நேற்றைய மாவில் கொஞ்சம் மிச்சம் வைத்து இன்றைய மாவோடு சேர்த்தால்தான் ரொட்டிக்கு ருசியும் பதமும். ஆனால் அந்த அறையின் சட்டமே வேறு. பழைய மாவை மணல் போகக் கழுவி, மொத்தமாகப் பிசைந்து, டப்பாவில் நாள்கணக்கில் தூங்க விட்டு, ஒரே உடம்பாக ஆன பிறகுதான் எடுக்கலாம். அக்காவுக்கு நேரமில்லை. பழைய தகட்டின் ஓரம் சாய்வாக வெட்டுப்பட்டிருந்தது, அதில் மெல்லிசாக மணல் படிந்திருந்தது. துடைத்தார், ஆனால் முழுக்கப் போகவில்லை. புதியதையும் பழையதையும் சேர்த்து அழுத்தி, மேலே வழித்து விட்டார். காலையில் பார்த்தால் கண்ணாடி மாதிரி ஒரே பரப்பு. ஒட்டிவிட்டது என்று நினைத்தார். யாரிடமும் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்றில்லை, சொல்ல வேண்டிய விஷயமாகவே அவருக்குத் தோன்றவில்லை.

குழு காலையிலேயே வந்து இறங்கியது. உயரமான, மென்மையாகப் பேசுகிற ஒரு தலைவர். யார் எது சொன்னாலும் “ஏன்?” என்று கேட்கிற ஒரு அம்மா. மூன்றாமவர் வந்தது முதல் போனை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை, அதனால் அவரை நாமும் விட்டுவிடலாம்.

டாக்டர் இழுக்கும் திசையை இன்னும் ஒரு தடவை மாற்றியிருந்தார். மோட்டார் முனகியது. முதலில் மணலில் தலைமுடி போல ஒரு கீறல். பிறகு இரண்டு. நடுவில் இருந்த பட்டை மெல்ல உள்ளே இறங்கியது. வழக்கம்போல நேராக ஓடிவந்த பள்ளம், பெட்டியின் முக்கால் பாகம் வந்ததும் நின்றது. பள்ளம் சட்டென்று ஒரு பக்கமாகத் திரும்பி, கொஞ்ச தூரம் போய், மறுபடியும் நேராக ஓடியது.

முழங்கை!

டாக்டர் சின்னப் பெண் மாதிரி குதித்தார். மோட்டார் அண்ணன், பேச்சுவார்த்தை இல்லாத வாரம் என்பதை மறந்து, அக்காவின் தோளில் ஓங்கித் தட்டினார். தலைவரே கைதட்டிவிட்டார்.

அக்கா மட்டும் தட்டவில்லை. பள்ளம் திரும்பிய இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அது எந்த இடம் என்று அந்த அறையில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

“இழுக்குற திசையை மாத்தினோம். அதான் ரகசியம்,” என்று டாக்டர் மூச்சு விடாமல் குழுவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். “இத்தனை நாள் நாங்க நினைச்ச திசையே தப்பு. இதை வச்சு கடற்கரை முழுசையும் விளக்கிடலாம்.”

தலைவர் பேனாவை எடுத்தார். அறை பிழைத்துவிட்டது. அக்கா வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும், நாளையும் அதற்கு அடுத்த நாளும் அவர் இங்கே வரலாம். ஆனால் டாக்டர் இனி ஊர் ஊராகப் போய் இந்தத் திசைக் கதையைச் சொல்வார். தன்னைத் தெருவிலிருந்து கூட்டிவந்து பக்கத்தில் நிறுத்திய பெண், இல்லாத ஒன்றின் மேல் ஏறி நின்று கைதட்டல் வாங்கிக்கொண்டிருப்பார். அதை நினைக்கவே அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

“டாக்டர், ஒரு நிமிஷம்,” என்றார். “இது திசையால வரலை. என்னால வந்தது.”

மோட்டார் அண்ணன் கண்ணாலேயே வேண்டாம், வேண்டாம் என்று கெஞ்சினார். அக்கா அவர் பக்கமே திரும்பவில்லை. மாவு பற்றாமல் போனது, பழைய தகட்டை ஒட்டியது, ஓரத்தில் இருந்த மணல் என்று எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தார். டாக்டர் முகத்தில் ஈயாடவில்லை.

“அப்போ நாங்க பார்த்தது?” என்றார் தலைவர், பேனாவைப் பிடித்தபடியே.

“வெட்டிப் பாருங்க, தெரியும்,” என்றார் அக்கா.

மணலை நனைத்து, மெல்லிய கத்தியால் பாளம் பாளமாக வெட்டினார்கள். ஒவ்வொரு பாளத்திலும் வெள்ளை மாவின் நடுவே ஊசி நுனியால் கீறியதுபோல் அந்தச் சாய்வான கோடு இருந்தது. அதற்கு நேர் மேலேதான் மணல் உடைந்து இறங்கியிருந்தது.

டாக்டர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். “என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அக்கா,” என்றார்.

“சட்டம் தெரியும் டாக்டர். ஒட்டிருச்சுன்னு நினைச்சுட்டேன். மன்னிச்சிருங்க.”

டாக்டர் கண் பாளத்தை விட்டு நகரவில்லை. “மேல பார்த்தா தெரியவே இல்லை, இல்ல?” என்றார்.

“கண்ணாடி மாதிரி இருந்துச்சு.”

“நானும் அப்படித்தான் நினைச்சிருக்கேன்.” அவர் விறுவிறுவென்று எழுந்து சுவரில் மாட்டியிருந்த பெரிய வரைபடத்துக்குப் போனார். தரைக்கு அடியில் பாறையின் கனம் எங்கே கூடுகிறது, எங்கே குறைகிறது என்று அளந்து வரைந்த படம் அது. கடற்கரை வளைகிற இடத்துக்குக் குறுக்கே, நிறம் வெளுத்த ஒரு பட்டை சாய்வாக ஓடியது. “இதுவும் ஒரு ஒட்டுதான். கரையோர ஒட்டைவிட ரொம்ப ரொம்பப் பழசு. அதெல்லாம் எப்பவோ இறுகிப்போச்சு, இனி அதுக்கு வேலை இல்லைன்னு ஒதுக்கிட்டேன். பெட்டியில வைக்கவே இல்லை!”

“ஏன்?” என்றார் கேள்விக்கார அம்மா.

“புத்தி இல்லாததால,” என்றார் டாக்டர் பட்டென்று.

அந்த அம்மா படத்துக்கு அருகே போனார். “உங்க அக்கா ஒட்டினது ஒரு பக்கம் சாயுது. இது நேர் எதிர்ப்பக்கம் சாயுது. அந்த முழங்கையை வச்சு இதைப் பத்தி எதுவும் சொல்ல முடியாதே? தற்செயலா நடந்ததை நாங்க எப்படி எழுதுறது?”

நியாயமான கேள்வி. நியாயமான கேள்விகளுக்கே உரிய எரிச்சலை அது எல்லோருக்கும் கிளப்பியது. தலைவர் பேனாவை மூடிச் சட்டைப் பைக்குள் வைத்தார். “நாளைக்கு மதியம் வரைக்கும் இங்கதான் இருப்போம். படத்துல இருக்கிற மாதிரியே அந்த ஒட்டை வச்சு ஓட்டிக் காட்டுங்க. வளைஞ்சா பேசலாம். இல்லைன்னா…” என்று நிறுத்தினார். மிச்சத்தைச் சொல்ல வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

வெட்டிய மாவையே மணல் போகக் கழுவி, தூங்க விட நேரமில்லாததால் ஒரே உடம்பாகும் வரைக்கும் அன்று மத்தியானம் முழுக்க அக்கா பிசைந்தார். இந்தத் தடவை ஒட்டை வேண்டுமென்றே வைக்க வேண்டும். டாக்டர் படத்திலிருந்து அளந்து மாவின் மேல் நூல் பிடித்துக் காட்ட, அக்கா அந்தக் கோட்டில் வெட்டி, ஓரத்தில் ஒரு சிட்டிகை மணலைத் தேய்த்து, திரும்பச் சேர்த்து அழுத்தினார். மோட்டார் அண்ணன் குமிழிகளை ஊசியால் ஒவ்வொன்றாகக் குத்தினார். மாவில் விரல் வைத்தும் அக்கா திட்டவில்லை. அதுவே அண்ணனுக்குப் பயமாக இருந்தது.

சாயங்காலம் வீட்டில் வீட்டுக்காரர் கேட்டார்: “வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்னு தோணுதா?”

“நூறு தடவை தோணுது.”

“அப்புறம் ஏன் திறந்தே?”

“அந்தப் பொண்ணு முகத்தைப் பார்த்துக்கிட்டே எப்படிங்க சும்மா இருக்கிறது?”

“அப்போ விடு. வளையலைன்னா நம்ம பஸ்ல கண்டக்டரா வந்துரு. உன் வாய்க்கு ஒருத்தன் டிக்கெட் எடுக்காம இறங்க முடியாது,” என்றார் அவர். அக்காவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

மறுநாள் காலை அக்காவே மணலைச் சலித்தார். அடுக்கு கோணலாகக் கூடாதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு சலித்தார். குழு பெட்டியைச் சுற்றி நின்றது. மோட்டார் ஓடத் தொடங்கியது.

கீறல் வந்தது. பள்ளம் விழுந்தது. கரையோர ஒட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு முனையிலிருந்து நேராக ஓடிவந்தது. சாய்ந்த ஒட்டு இருக்கிற இடத்தை நெருங்கியது. திரும்பு, திரும்பு என்று அக்கா உதட்டுக்குள்ளேயே கெஞ்சினார்.

திரும்பவில்லை. அந்த இடத்தைத் தாண்டி, வரைபடத்தில் நிலமாக இருக்கிற பகுதிக்குள் நேராகப் போய்க்கொண்டே இருந்தது.

மோட்டார் அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். தலைவர் சங்கடத்தோடு கடிகாரத்தைப் பார்த்தார். அக்காவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. அறையைக் கடைசியாக ஒரு தடவை பார்த்துக்கொள்வதுபோல் சுற்றிலும் பார்த்து, முன்னால் கட்டியிருந்த துணியின் முடிச்சை அவிழ்க்கப் போனார்.

“நிறுத்தாதீங்க,” என்றார் டாக்டர் மோட்டார் அண்ணனிடம். “இழுக்கட்டும்.”

இழுத்தது. நேராகப் போன பள்ளம் மெதுவாகி, ஓரிடத்தில் நின்றேவிட்டது. அதன் ஓரங்கள் அதற்குமேல் விலகவில்லை. பெட்டியில் எதுவும் நடக்காத மாதிரி இருந்தது. அப்புறம் சாய்ந்த ஒட்டின் மேலே, கடல் பக்கமாக, மணல் லேசாகச் சிலிர்த்தது. ஒரு கீறல். அது ஒட்டு நெடுகப் பக்கவாட்டில் ஓடி, முதல் பள்ளத்துக்குக் கொஞ்ச தூரம் தள்ளிப் போய், அங்கிருந்து புதிதாக ஒரு பள்ளமாக நேராக இறங்க ஆரம்பித்தது. முதலில் ஓடிவந்த பள்ளமும் இந்தப் புதிய பள்ளமும் குறுக்குக் கீறலால் சேர்ந்துகொண்டன. கேமராவோடு இணைத்த திரையில் கடற்கரை மடங்கி நின்றது. படத்தில் எங்கே மடங்குகிறதோ அங்கேயே, எந்தப் பக்கம் மடங்குகிறதோ அந்தப் பக்கமே.

யாரும் கைதட்டவில்லை. முந்தின நாள் பட்ட சூடு எல்லோருக்கும் நினைவிருந்தது. டாக்டர்கூடக் குதிக்கவில்லை, அக்காவின் கையைத்தான் இறுகப் பிடித்துக்கொண்டார்.

“இது என்ன?” என்றார் கேள்விக்கார அம்மா. அவர் விரல் முழங்கையைக் காட்டவில்லை. நிலத்துப் பக்கமாக ஓடி, பாதியில் நின்றுபோன அந்தப் பள்ளத்தைக் காட்டியது.

“அது வந்து… பிளவு முதல்ல அந்த வழியா முயற்சி பண்ணியிருக்கு. முடியாம விட்டுட்டு இந்தப் பக்கம் தாவிடுச்சு,” என்றார் டாக்டர். சொல்லிக்கொண்டே வரைபடத்தைத் திரும்பிப் பார்த்தவர் அதன் அருகே ஓடினார். முழங்கைக்கு உள்புறம், நிலத்தில், அதே இடத்தில், அதே நீளத்தில் படத்தில் ஒரு சமவெளி கிடந்தது. அடியில் வண்டல் நிறைந்த பழைய பள்ளம். அது இருப்பது எல்லோருக்கும் தெரியும். கடற்கரைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, அது தனிக் கதை என்று டாக்டர் உட்பட அத்தனை பேரும் ஒதுக்கி வைத்திருந்தார்கள். யாரும் அதைக் கேட்கவில்லை, யாரும் அதைப் பெட்டியில் வைக்கவில்லை. பெட்டி தானாகக் கொடுத்தது.

கேள்விக்கார அம்மா பெட்டியின் கண்ணாடியில் கையை வைத்தார்.

“நான் பிறந்து வளர்ந்தது அந்தச் சமவெளியில. எங்க அப்பா கிணறு வெட்டுறவர். எவ்வளவு தோண்டினாலும் மணலும் களிமண்ணும்தான் வரும், பாறையே தட்டாது. சரிஞ்சு சரிஞ்சு விழும். ‘இந்த ஊருக்கு அடியே கிடையாது’ன்னு சாகுற வரைக்கும் திட்டிக்கிட்டே இருந்தார்.” மூக்கை உறிஞ்சிக்கொண்டார். “கடலாகப் போயிருக்க வேண்டிய இடம், பாதியில நின்னுபோச்சுன்னு அவருக்கு யாரும் சொல்லலை.”

அக்காவுக்கு அவர் யார், தங்களுடைய அறையை என்ன செய்ய வந்தவர் என்பதெல்லாம் மறந்துபோனது. முந்தானையை எடுத்து நீட்டிவிட்டார். அந்த அம்மாவும் வாங்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாவுப் பிசுக்கு கன்னத்தில் ஒட்டிக்கொண்டது, யாரும் சொல்லத் துணியவில்லை. மூன்றாமவர் முதல் முறையாகப் போனைப் பைக்குள் போட்டுவிட்டுப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

தலைவர் பேனாவை எடுத்து, நின்றபடியே எழுதி, கையெழுத்துப் போட்டார். காகிதத்தை டாக்டரிடம் கொடுத்துவிட்டு அக்காவைப் பார்த்தார்.

“நேத்து நீங்க பேசாம இருந்திருந்தா, நேத்தே கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருப்போம்.”

“தெரியுங்க,” என்றார் அக்கா. “ராத்திரி பொட்டுத் தூக்கம்கூட இல்லை.”

“இனிமே நல்லாத் தூங்குங்க,” என்றார் தலைவர். “அறை எங்கேயும் போகலை.”

அக்கா அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு, பேக்கரி மூடிய அன்றைக்குக்கூட அழாத அழுகையை அழுதார்.